அடிக்கடி கழுவும் கைகள் வறண்டு வெடிக்காமல் காப்பது எப்படி

புறங்கை சொரசொரத்து, விரல் மூட்டுகளில் கீறல் விழுந்தால், மதுரையில் முதலில் பழி விழுவது உடம்புச் சூட்டின் மீது. அடுத்தது உப்புத் தண்ணீரின் மீது. இரண்டாவது பழியில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஒரே தொட்டித் தண்ணீரைப் புழங்கும் வீட்டில், சமைத்து, ஏனம் கழுவி, துணி அலசுபவரின் கைகள் மட்டும் வெடித்திருக்க, அதே குழாயில் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவரின் கைகள் பழுதில்லாமல் இருப்பதைக் கவனித்தால், கை எவ்வளவு நேரம் நனைகிறது, எதனோடு நனைகிறது என்பதே முதன்மையான காரணம் என்பது விளங்கும். அதைச் சீர்படுத்தாமல் விலை உயர்ந்த களிம்பை வாங்கிப் பூசுவதால் பெரும் பயன் கிடைப்பதில்லை.

நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கைகள் ஈரத்தில் இருந்தாலோ, 20 முறைக்கு மேல் கழுவப்பட்டாலோ, அதைக் கைத்தோலைப் பாதிக்கக்கூடிய ஈர வேலை என்று தோல் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மருத்துவமனைச் செவிலியரும் டீக்கடையில் கிளாஸ் அலசுபவரும் மட்டுமல்லாமல், நனைத்த வாழைநாரில் காலை முதல் மல்லிகை கட்டுகிறவர்களும், கைக்குழந்தை உள்ள வீட்டின் தாய்மார்களும் இந்தக் கணக்கில் எளிதாக வந்துவிடுகிறார்கள். சிறு வயதில் கரப்பான் என்னும் தோல் அழற்சி இருந்தவர்களுக்கும், ஆஸ்துமா அல்லது ஒவ்வாமைத் தும்மல் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்கும் கை பழுதுபட இதைவிடக் குறைந்த ஈரமே போதும். அவர்கள் முன்கூட்டியே கவனமாக இருப்பது நல்லது.

தோலில் நடப்பது என்ன

தோலின் மேலடுக்கில் உயிரற்ற செல்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்தாக அமைந்திருக்கின்றன. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாமலும், வெளியிலிருந்து உறுத்தும் பொருள்கள் நுழையாமலும் காப்பது இந்தக் கொழுப்புதான். கையில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கையும் தோலுக்குச் சொந்தமான கொழுப்பையும் சோப்பு வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே கரைத்துக்கொண்டு போகிறது. மேலும், நம் தோல் இயல்பில் சற்று அமிலத் தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. வழக்கமான குளியல் சோப்பின் பி.எச். அளவோ 9 முதல் 10 வரை இருக்கிறது, அதாவது அது காரத் தன்மை உடையது. ஒரு முறை கழுவியதால் ஏற்படும் இழப்பைத் தோல் தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கு அவகாசம் தேவை. அந்த அவகாசம் கிடைக்கும் முன்பே மீண்டும் மீண்டும் கழுவும்போது இழப்பு சேர்ந்துகொண்டே போகிறது. வெறும் தண்ணீரில் நெடுநேரம் ஊறுவதும் தோலுக்குத் தீங்குதான் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

உள்ளங்கைத் தோல் தடிமனானது. புறங்கைத் தோல் மெல்லியது. அதனால்தான் முதல் சொரசொரப்பும் சிவப்பும் புறங்கையிலும், விரல் இடுக்குகளிலும், மூட்டுகளின் மேலும் தென்படுகின்றன. சோப்பு நுரை தேங்கி நிற்கும் மோதிரத்தின் அடிப்பகுதி இன்னொரு தொடக்க இடம். மோதிர விரலில் வட்டமாகச் சிவந்து அரித்தால் தங்கம் சேரவில்லை என்று முடிவுகட்டும் முன், சில வாரங்கள் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கழுவிப் பார்க்கலாம்.

பனி கொட்டும் ஊர்களில்தான் கை வறளும் என்பதும் சரியல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துவிட, அதைத் தாண்டி மதுரைப் பக்கம் வரும் ஆடிக் காற்று வறண்ட காற்றாகவே வீசுகிறது. ஈரக் கையை அது வேகமாக உலர்த்தும்போது தோலின் ஈரமும் சேர்ந்தே போகிறது.

கழுவும் முறையில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

கை கழுவுவதையே குறைத்துக்கொள்ளும்படி யாருக்கும் சொல்ல முடியாது. கழிப்பறைக்குச் சென்று வந்த பின்னும், குழந்தையின் மலத்தைச் சுத்தம் செய்த பின்னும், சமைக்கும் முன்னும், உண்ணும் முன்னும், மீன், கறி ஆய்ந்த பின்னும் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும். ஆனால் காய்கறி நறுக்கிய கையை, மாவு அள்ளிய கையை, பூத்தொட்டியைத் தொட்ட கையை ஒவ்வொரு முறையும் சோப்பால் தேய்க்கத் தேவையில்லை; தண்ணீரில் அலசித் துடைத்தாலே போதும். இந்த ஒரு பிரிப்பைக் கடைப்பிடித்தாலே பல வீடுகளில் நாளொன்றின் சோப்புப் பயன்பாடு வெகுவாகக் குறைந்துவிடும்.

உலர்ந்த கையில் நேரடியாகச் சோப்பைத் தேய்க்காமல், முதலில் கையை நன்றாக நனைத்துவிட்டுச் சிறிதளவு சோப்பை எடுத்து, 20 விநாடி தேய்த்து, விரல் இடுக்குகளில் வழவழப்பு நிற்காதபடி அலச வேண்டும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் இங்கேதான் சிக்கல் வருகிறது. அந்த நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாக மாறுவதால் நுரை எழுவதில்லை. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் சோப்பைத் தேய்க்கிறோம். அந்தப் படிவு அலசினாலும் போகாமல் தோலில் ஒட்டி உறுத்துகிறது. நல்ல தண்ணீர் குறைவாகவே கிடைக்கும் வீடுகளிலும், கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு குவளை நல்ல தண்ணீரை ஒதுக்கிக்கொள்வது பயன் தரும். இப்படிப்பட்ட நீருக்கு, சிண்டெட் எனப்படும், சோப்பு அல்லாத கட்டிகளும் மென்மையான திரவங்களும் பொருத்தமானவை. அவை உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், தோலின் அமிலத் தன்மையையும் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. விலை கூடுதல்தான், ஆகவே வீட்டில் எல்லோருக்கும் வாங்காமல், கை வெடித்தவருக்கு மட்டும் தனியாக வாங்கி வைக்கலாம்.

சோப்பு உறையில் அச்சிடப்பட்டிருக்கும் டி.எஃப்.எம். அளவைப் பார்த்து வாங்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. 76 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம் என்பது இந்தியத் தர அளவு. இது சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு, நிரப்பும் பொருள் எவ்வளவு என்பதைக் காட்டுமே தவிர, அதன் காரத் தன்மையைக் குறைத்துவிடுவதில்லை. கிருமிகளைக் கொல்லும் என்று விளம்பரப்படுத்தப்படும் சோப்புகளுக்காகவும் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை. அவை சாதாரண சோப்பைவிட மேலானவை என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று கூறி, டிரைகுளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்ப்பதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் தடை விதித்தது. வாளித் தண்ணீரில் கிருமிநாசினித் திரவத்தை ஊற்றி அதில் கையை முக்கி எடுக்கும் பழக்கமும் வறண்ட கைக்கு ஆகாது.

தண்ணீரின் சூட்டையும் கவனிக்க வேண்டும். வெந்நீர் தோலின் கொழுப்பை இன்னும் வேகமாகக் கரைக்கும். நாங்கள் வெந்நீரே தொடுவதில்லை என்று சொல்கிறவர்கள், சித்திரை வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு மாடியிலிருக்கும் கறுப்புத் தொட்டியின் குழாயைத் திறந்து பார்க்கலாம். கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் கொட்டும். மதியச் சாப்பாட்டு ஏனங்களைப் பலரும் கழுவுவது சரியாக அந்த நேரத்தில்தான். காலையிலேயே ஒரு வாளி நீரைப் பிடித்து நிழலில் மூடி வைத்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

பேருந்தில் இறங்கியதும், பணத்தை எண்ணி முடித்ததும், மருத்துவமனையில் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவரிடம் போகும்போதும், கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லையென்றால், சோப்பைவிடச் சானிடைசரே தோலுக்கு மென்மையானது. இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆல்கஹால் தோலின் கொழுப்பை ஓரளவு இளக்கினாலும், தண்ணீர் ஊற்றிக் கழுவாததால் அது அடித்துக்கொண்டு போகப்படுவதில்லை. அதோடு, உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் 1.45 விழுக்காடு கிளிசரால் சேர்க்கப்படுவதும் தோல் வறளாமல் இருப்பதற்காகத்தான். குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். வெடித்த கையில் அது சுரீரென்று எரியும். அந்த எரிச்சல், தோல் ஏற்கெனவே பழுதுபட்டிருப்பதைக் காட்டுகிறது, சானிடைசர் புதிதாகப் புண்ணாக்கியதை அல்ல. சானிடைசர் போட்ட கையை உடனே சோப்பால் கழுவுவது மட்டும் கூடாது. இரண்டின் தீங்கும் சேர்ந்துகொள்ளும். வயிற்றுப்போக்கு, வாந்தி உள்ளவரைப் பராமரிக்கும் வீட்டில் சானிடைசரை நம்பியிருக்காமல் சோப்பையே பயன்படுத்த வேண்டும்.

துடைப்பதைப் பற்றிச் சிறிது. கையை உதறிவிட்டு அப்படியே காற்றில் உலர விடுவதும், முந்தானையில் பரபரவென்று தேய்ப்பதும் தவறு. மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, விரல் இடுக்குகளையும் மோதிரத்தின் அடியையும் தனியாகத் துடைக்க வேண்டும்.

பாத்திரம் விளக்குகிறவர்களுக்கு

கை வறட்சிக்குக் கை கழுவும் சோப்பைவிடப் பெரிய காரணம் பல வீடுகளில் பாத்திரச் சோப்பும் துணி சோப்பும்தான். எண்ணெய்ப் பிசுக்கையும் துணி அழுக்கையும் நீக்குவதற்காகச் செய்யப்பட்ட அவை தோலுக்கு மிகவும் கடுமையானவை. பாத்திரம் விளக்கி முடித்ததும், கையிலிருக்கும் அதே நாரால், அதே சோப்பால் முழங்கை வரை ஒரு தேய்ப்புத் தேய்த்து அலசிவிட்டு எழுந்திருப்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். சொரசொரப்பு முழங்கைப் பக்கம் வரை ஏறியிருப்பவர்கள் முதலில் இதைத்தான் நிறுத்த வேண்டும்.

பாத்திரங்களை முன்கூட்டியே தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிட்டால் தேய்க்கும் நேரம் குறையும். பொடியை உள்ளங்கையில் கொட்டித் தேய்க்காமல், ஒரு கிண்ணத்தில் திரவத்தைக் கரைத்து வைத்து, நீண்ட பிடியுள்ள பிரஷ்ஷால் தொட்டுத் தேய்க்கலாம். கம்பி நார் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். சோப்பு அந்த வழியாக உள்ளே இறங்கும். பித்தளை விளக்கு, செம்புப் பாத்திரங்களைப் புளி கொண்டு துலக்கும் நாளில் கட்டாயம் கையுறை வேண்டும்.

கையுறை என்றதும், இந்தப் புழுக்கத்தில் அதை யார் போடுவது என்ற கேள்வி எழும். கேள்வி நியாயமானது, வியர்வையில் ஊறும் கையும் ஈரக் கைதான். ஆகையால் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, வெளியே மணிக்கட்டைத் தாண்டும் ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை என்று இரண்டாகப் போட்டு, 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றி, உள்ளே ஈரம் தட்டியிருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்த கையுறையைத் தொடர்ந்து போட்டிருப்பது, கையுறையே இல்லாமல் வேலை செய்வதைவிடக் கெடுதல். ரப்பர் கையுறை போட்டதும் மணிக்கட்டு வரை அரித்துத் தடித்தால் ரப்பரில் சேர்க்கும் பொருள்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகிக்கலாம்; வினைல் கையுறைக்கு மாறிப் பார்க்க வேண்டும்.

பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை ஆகிய நான்கும் வெடித்த விரல்களுக்குப் பகை. இடக்கையால் பூண்டைப் பிடித்து வலக்கையால் நறுக்குகிறவருக்கு இடக்கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் உரிந்து வெடித்திருந்தால், அது பெரும்பாலும் பூண்டு ஒவ்வாமையின் அடையாளம். மீன் வாடை போக எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்துவிட்டு வெயிலில் நிற்பதும் ஆபத்தானது. அந்தச் சாறும் சூரிய ஒளியும் சேர்ந்து கொப்புளத்தையும், மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டுகளையும் உண்டாக்கக்கூடும். அதற்குப் பதிலாகச் சிறிது தேங்காய் எண்ணெயைக் கையில் தடவி, துணியால் துடைத்துவிட்டு, பிறகு மென்மையான சோப்பால் கழுவலாம்.

கழுவிய பின் பூச வேண்டியவை

கையை ஒற்றித் துடைத்து, இன்னும் லேசான ஈரம் இருக்கும்போதே, ஓரிரு நிமிடங்களுக்குள், மாய்ஸ்ச்சரைசரைப் பூசிவிட வேண்டும். முழுவதும் காய்ந்த பிறகு பூசினால் பயன் குறைவு. ஆகவே டியூப் இருக்க வேண்டிய இடம் பீரோ அல்ல, குழாயடி. பகலில் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத, வாசனை சேர்க்காத கிரீம், இரவில் கெட்டியான களிம்பு என்று இரண்டு வகை வைத்துக்கொள்வது வசதி. கிளிசரினும் யூரியாவும் ஈரத்தை ஈர்த்துப் பிடிப்பவை. திரவப் பாரஃபினும் பெட்ரோலியம் ஜெல்லியும் அந்த ஈரம் ஆவியாகாமல் மூடுபவை. இரு வகையும் கலந்த கிரீமே நல்லது. 10 விழுக்காடு யூரியா உள்ள கிரீம் தடித்த, சொரசொரப்பான தோலை நன்றாக மிருதுவாக்கும். ஆனால் இரத்தம் கசியும் வெடிப்பில் பட்டால் எரியும் என்பதால் வெடிப்பு மூடிய பிறகு அதைத் தொடங்கலாம்.

தேங்காய் எண்ணெய் தோலுக்கு நல்லதே. பகலில் தடவினால் ஏனம் கைநழுவும், மீண்டும் சோப்புப் போடத் தோன்றும்; எனவே அதை இரவுக்கு ஒதுக்குவது நல்லது. ஆலிவ் எண்ணெய் விலை உயர்ந்தது என்பதற்காக அதைத் தேடிப் போக வேண்டாம். அதிலுள்ள ஒலியிக் அமிலம் தோலின் தடுப்பைத் தளர்த்துகிறது. கிளிசரினைப் பன்னீரில் கலந்து தடவும் பழைய வழக்கத்தில் குறை ஒன்றும் இல்லை, பன்னீரின் மணம் ஒத்துக்கொள்ளும்வரை. கிளிசரினைக் கலக்காமல் அப்படியே பூசுவதுதான் கூடாது.

வெடித்துவிட்ட கைக்கு

கை ஏற்கெனவே வெடித்திருந்தால், படுக்கப் போகும் முன், சோப்பில்லாத வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் 10 நிமிடம் கைகளை அமிழ்த்தி வைத்து, ஒற்றி எடுத்த உடனே பெட்ரோலியம் ஜெல்லியைக் கனமாகப் பூசி, பருத்திக் கையுறை அல்லது சுத்தமான பழைய வேட்டித் துணியில் தைத்த உறையை மாட்டிக்கொண்டு உறங்க வேண்டும். நெடுநேரம் ஊறுவது தீங்கு என்று மேலே சொன்னதற்கு இது முரண் அல்ல. தோல் உறிஞ்சிய நீரை உடனே மூடிவிடுவதால்தான் இது மருந்தாகிறது. பூச்சு ஊறிய அந்தத் துணி எளிதில் தீப்பற்றும். காலையில் அதோடு அடுப்பைப் பற்ற வைக்கப் போகக் கூடாது. ஆழமான வெடிப்பு இருந்தால் அதில் பெட்ரோலியம் ஜெல்லியை வைத்து, மேலே பிளாஸ்டரைச் சுற்றினால் விரலை மடக்கும்போது வாய் பிளக்காது. மேலே கண்ட மாற்றங்களோடு இதைச் சேர்த்துச் செய்தால் சாதாரண வறட்சி ஓரிரு வாரங்களில் தணியும். ஆனால் பார்வைக்கு ஆறிய தோல் உள்ளே முழுவதும் ஆறியிருப்பதில்லை. மேலும் சில வாரங்களாவது கவனிப்பை விடாமல் தொடர வேண்டும்.

மருந்துக்கடையில் அரிப்புக்கு ஒரு டியூப் என்று கேட்டு வாங்கும் வழக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த அந்தக் கிரீம்கள் இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடுவதால் நம்பிக்கையைச் சம்பாதித்துவிடுகின்றன. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நிறம் வெளுத்து, உள்ளே இருப்பது படர்தாமரையாக இருந்தால் அது அடையாளம் தெரியாத அளவுக்குப் பரவிவிடும். வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு 2018இல் சேர்த்ததற்கு இந்தத் தவறான பயன்பாடே காரணம். கையில் நீடித்த அழற்சிக்கு ஸ்டீராய்டு களிம்பு சில சமயம் உண்மையிலேயே தேவைப்படும். மருத்துவர் எழுதித் தந்தால், சுட்டுவிரல் நுனியிலிருந்து அதன் முதல் கணு வரை டியூபிலிருந்து பிதுக்கும் அளவு, ஒரு கையின் இரு பக்கத்துக்கும் போதும் என்பதை நினைவில் கொண்டு, அவர் சொன்ன நாள்கள் மட்டும் பூச வேண்டும்.

ஒரு கையில் மட்டும் செதில் உரிந்து வளையமாகப் பரவினால் பூஞ்சைத் தொற்றையும், இரவில் விரல் இடுக்குகள் தாங்க முடியாமல் அரித்து வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் சிரங்கையும், விரல் இடுக்கு வெளுத்து ஊறி உரிந்தால் சேற்றுப்புண்ணையும், நகக்கண் வீங்கிச் சீழ் கட்டினால் நகச்சுற்றையும் சந்தேகிக்க வேண்டும்; இவை எதுவும் மாய்ஸ்ச்சரைசரால் தீருவன அல்ல. நீர்க்கொப்புளங்கள் எழுந்தாலும், சீழும் காய்ச்சலும் சேர்ந்தாலும், இரண்டு வாரக் கவனிப்புக்குப் பிறகும் மாற்றம் இல்லாவிட்டாலும் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கை சுத்தமாகவில்லை என்ற எண்ணம் விடாமல் துரத்த, கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவுகிறவரை வீட்டார் கேலி செய்வதில் பயனில்லை. அது சிகிச்சையால் தணியக்கூடிய மனநலச் சிக்கலாக இருக்கலாம். அவருக்குத் தோல் மருத்துவரோடு மனநல மருத்துவரும் தேவை.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ தனியார் மருத்துவரிடமோ போகும்போது, கையில் படும் சோப்பு, பாத்திரத் திரவம், துணி சோப்பு, கிரீம், கையுறை ஆகியவற்றின் உறைகளையோ கைப்பேசிப் படங்களையோ எடுத்துச் செல்வது நல்லது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் கண்டறிய அவை உதவும். ஒவ்வாமை என்று சந்தேகம் எழுந்தால் பேட்ச் டெஸ்ட் செய்யச் சொல்வார்கள். சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறு ஒட்டுகளாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது. வியர்த்தாலும் ஒட்டு கழன்றுவிடும். எனவே அவசரம் இல்லையென்றால் இந்தச் சோதனையைச் சித்திரை, வைகாசி வெயிலில் வைத்துக்கொள்ளாமல், மார்கழி, தையில் செய்துகொள்ள முடியுமா என்று மருத்துவரிடமே கேட்டுவிடலாம்.